இரண்டு செப்புக்காசுகள்

என் மேசைமீது இரண்டு செப்புக்காசுகள் இருக்கின்றன. அகலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று; தடிப்பில்தான் சிறிது வேற்றுமை. ஒன்று 1808ஆம் ஆண்டுக்குரியது. சென்னை மாகாணத்தில் வழங்குவதற்காக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அடிப்பித்த இருபது காசு. மற்றொன்று 1812ஆம் ஆண்டுக்குரியது. ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தரின் ஆட்சியில் வெளிவந்த இரண்டு கோபெக். இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எனக்குக் கிடைத்தவை. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்கு அருகே இருந்த ஒரு பழைய பாத்திரக் கடையில், உருக்குவதற்கென்று குவித்திருந்த செம்பிலிருந்து பொறுக்கி எடுத்தேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

அந்தக் காலத்தை மாணவர்கள் சற்றே கற்பனை செய்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நம் நாட்டில் தசம நாணய முறை வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்றிருந்த கணக்கு மாறி, ரூபாய்க்கு நூறு நயாபைசா என்றாயிற்று. சில ஆண்டுகள் பழையனவும் புதியனவும் கலந்தே புழங்கின. பின்னர், உண்டியலிலும் அஞ்சறைப்பெட்டியிலும் தங்கிப்போன காலணாக்களையும் தம்பிடிகளையும் கடைக்காரர்கள் வாங்க மறுத்தபோது, வீட்டுப் பெண்கள் அவற்றை ஓட்டைச் சொம்போடும் நசுங்கிய தவலையோடும் சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டனர். அப்படிச் சேர்ந்த குவியலில் காலணாக்களுக்கு அடியில் மிகப் பழைய காசுகளும் கிடந்தன. "நாளைக்கு இதெல்லாம் உலைக்குப் போகிறது, தம்பி. வேண்டியதைப் பொறுக்கிக்கொள், எடைக்கு எடை விலை கொடு" என்றார் கடைக்காரர். கையில் இருந்த சில்லறைக்கு இரண்டு காசுகளே கிடைத்தன.

அன்று மாலை அவற்றை என் பாட்டனாரிடம் காட்டினேன். அவர் ஓய்வுபெற்ற கணக்கர்; எதையும் ஏட்டில் பதிந்தாலன்றி அவருக்கு உறக்கம் வாராது. காசின்மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து இலேசாகத் தேய்த்து, இரு புறங்களையும் படியெடுத்துத் தம் கணக்கு நோட்டில் ஒட்டினார். "ஒன்று கம்பெனிக் காசு. மற்றதில் உள்ள எழுத்து இன்ன மொழி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்கலாம். அதுவரை இதைத் துலக்காதே" என்றார்.

நான் துலக்கினேன். மறுநாட்காலை அவர் கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், சமையலறைப் புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்து, தேங்காய் நாரால் அந்த அயல்நாட்டுக் காசை அழுந்தத் தேய்த்தேன். அது புதுக்குடம் போலப் பளபளத்தது. ஆழமாகப் பதிந்திருந்த கழுகின் உருவம் தப்பியது. ஏற்கெனவே தேய்ந்து மங்கியிருந்த சிறிய எழுத்துகளோ போயே போய்விட்டன. பாட்டனார் கடிந்துகொள்ளவில்லை. நோட்டைப் பிரித்து முன்னே வைத்து, "இனிமேல் இந்தத் தாள்தான் காசு" என்று மட்டும் சொன்னார். கடிந்துகொண்டிருந்தால் நான் அதை என்றோ மறந்திருப்பேன்.

செம்பின் மேல் படரும் களிம்பை அழுக்கு என்று எண்ணுவது பிழை. காற்றும் ஈரமும் மண்ணும் செம்போடு கூடி, நூற்றாண்டுக் கணக்கில் ஒரு தோலைப் போர்த்துகின்றன. அத்தோல் கறுத்தும் சிவந்தும் பச்சையாகவும் இருக்கும். கெட்டியாக இருக்குமாயின் அடியிலுள்ள உலோகத்துக்கு அதுவே கவசம். எழுத்துகளில் எஞ்சிய வரம்பு பெரும்பாலும் அத்தோலிலேயே தங்கியிருக்கும். புளியின் அமிலம் தோலைக் கரைக்கிறது. சாம்பல் மீதியைச் சுரண்டுகிறது. வெளிறிய பச்சைப் பொடியாக உதிரும் களிம்பு வேறு வகை. அது உண்மையிலேயே நோய், அதற்கு அருங்காட்சியக இரசாயனியின் துணை வேண்டும். மற்றவற்றுக்குத் தூய நீரும் பொறுமையும் போதும்.

அழிந்த எழுத்துகள் எவை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, ரஷ்ய மொழி கற்ற ஒரு நண்பர் பாட்டனாரின் தாளைப் பார்த்துச் சொன்னார். ஒருபுறம் இரட்டைத் தலைக் கழுகு. அதன் கீழ் ஆண்டு. மறுபுறம் முடியும் இலை வளையமும், நடுவே மதிப்பும்; எல்லாவற்றுக்கும் கீழே மூன்று சிறிய எழுத்துகள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் பெயரின் சுருக்கம் அது. காசு அடிக்கப்பட்ட நாணயசாலையைக் குறிப்பது. அந்த ஆண்டுகளில் யூரல் மலைப்பகுதியில் உள்ள எகத்தரீன்பர்க் முதலிய வேறு சாலைகளும் இதே இரண்டு கோபெக்கை அடித்து வந்தன. ஆகவே அம்மூன்று எழுத்துகள் இல்லையேல், என் காசு பல பிறப்பிடங்களுள் எதைச் சேர்ந்தது என்று துணிந்து சொல்வதற்கில்லை. இருந்தமையால், அதன் பக்கத்தில் கிடந்த சென்னைக் காசுக்கும் அதற்கும் உள்ள உறவு துலங்கிற்று. அந்த உறவைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்தேன்.

முதலில் சென்னைக் காசைப் பார்ப்போம். ஒருபுறம் இரு சிங்கங்கள் தாங்கும் கம்பெனியின் மரபுச் சின்னம். அதன் கீழ், இங்கிலாந்தின் அரசரும் ஆட்சிமன்றமும் அளித்த ஆதரவைப் பறைசாற்றும் இலத்தீன் வாசகம். மறுபுறம் பாரசீக எழுத்தில், இருபது காசு நான்கு பலூஸ் ஆகும் என்ற அறிவிப்பு. அடியில் ரோமானிய எண்ணில் இருபது. இலத்தீன், பாரசீகம், ரோமானிய எண் ஆகிய மூன்றில் ஒன்றையும் மயிலையில் கீரை விற்றவள் படித்திருக்கமாட்டாள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தம் செப்புக்காசில் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே பொறித்தனர். கம்பெனியாரும் 1807இல் சென்னை நாணயசாலையில் தமிழும் தெலுங்கும் பொறித்த செப்புக்காசுகளை அடித்ததுண்டு. ஆனால் இங்கிலாந்திலிருந்து பெருவாரியாக வந்திறங்கிய இக்காசில் அந்த எழுத்துகளுக்கு இடமில்லை.

அதன் மதிப்பு என்ன? எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். இது சென்னையில் கம்பெனியாரின் கணக்கு. அப்படியானால் ஒரு வராகனுக்கு 3360 காசு; என் கையிலுள்ள இருபது காசில் 168. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்பதே கால் கிராம் எடை. ஆக, விரல்நுனியில் அடங்கும் ஒரு சிறு பொன் வராகனை மாற்றினால், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் செம்பைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும்! நிலவரி வராகனில் கணக்கிடப்பட்டது. கூலிக்காரன் கையில் விழுந்ததோ செம்பு. செம்பைப் பொன்னாகவோ வெள்ளியாகவோ மாற்றச் சராப்புக் கடைக்குப் போனால், அவன் அன்றைய நிலவரப்படி வட்டம் பிடித்துக்கொள்வான். மாற்றும்போது குறைத்துக்கொள்ளும் தொகைக்கு வட்டம் என்று பெயர். அரசாங்கம் எழுதிய கணக்கு ஒன்று, கடைத்தெரு நிலவரம் ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நட்டம் ஏழையின் மடியில் விழுந்தது. 1818இல் ரூபாய் சென்னையின் தலைமை நாணயமாக்கப்பட்டது. வராகனும் பணமும் பையப் பைய மறைந்தன.

அவை மறைந்தாலும் சொற்கள் மறையவில்லை. நாம் இன்றும் வழங்கும் 'துட்டு' ஒல்லாந்தரின் 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயர் என்பர். செல்லாக்காசு, சல்லிக்காசு என்று மனிதரையே எடைபோடுகிறோம். நம் 'காசு' போர்த்துக்கேசியர் வாய்வழி ஆங்கிலத்துள் சென்று 'கேஷ்' என்ற நாணயப் பெயராயிற்று. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பெருமை பாராட்டும் நண்பர்களை நான் பலமுறை மறுத்திருக்கிறேன், அவர்கள் கேட்டபாடில்லை.

இனி, இந்த 1808ஆம் ஆண்டுக் காசு எங்கே பிறந்தது என்பதற்கு வருவோம். சென்னைத் தங்கசாலையில் அன்று. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சோஹோ என்னும் இடத்தில். அங்கே மாத்யூ போல்ட்டன் என்பவர், நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி, நீராவியால் இயங்கும் நாணய அச்சுகளை 1780களின் இறுதியில் நிறுவினார். அதற்குமுன் ஆட்கள் கூடி நெம்புகோலைச் சுழற்றி அச்சை இறக்க வேண்டும். அல்லது சம்மட்டியால் அடிக்க வேண்டும். காசுக்குக் காசு வட்டமும் விளிம்பும் வேறுபடும்; கள்ளக்காசு அடிப்பவனுக்கு அது வசதி. போல்ட்டனின் அச்சுகளிலிருந்து ஒவ்வொரு காசும் ஒரே அளவாக, ஒரே வட்டமாக விழுந்தது. பார்த்து வியந்த கம்பெனியார் கிழக்கு நாடுகளுக்கு வேண்டிய செப்புக்காசுகளை அவரிடம் அடிப்பித்து, மரப்பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினர்.

எல்லாப் பீப்பாய்களும் கரைசேரவில்லை. 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்குப் புறப்பட்டது. அதன் சரக்கில் ஏறத்தாழ ஐம்பது டன், 1808ஆம் ஆண்டுப் பத்துக்காசும் இருபது காசும். இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையை விட்டு விலகுமுன்னரே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்தது. சென்னைக் கடைத்தெருவுக்கு வரவேண்டிய செம்பு ஆங்கிலக் கால்வாயின் மணலில் புதைந்தது. 1980களில் நீர்மூழ்கும் வல்லுநர்கள் அங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை வெளியே கொணர்ந்தனர். ஒருவர் கையும் படாத அக்காசுகள் இன்று உலகெங்கும் சேகரிப்போரிடம் இருக்கின்றன; விலையும் அதிகமில்லை. என்னிடமும் ஒன்றை விற்க ஒருவர் முன்வந்தார். நான் வாங்கவில்லை. புதுக்கருக்கு அழியாத அந்தக் காசைவிட, யாரோ ஒருவர் முந்தானையில் முடிந்து, யாரோ ஒருவர் மளிகைக் கடையில் எறிந்து, தேய்ந்து வழவழத்த என் காசே எனக்கு உகந்தது.

போல்ட்டனின் புகழ் ரஷ்யா வரை எட்டிற்று. ஒரு முழு நாணயசாலைக்கு வேண்டிய நீராவி இயந்திரங்களையும் அச்சுகளையும் தமக்குச் செய்து தருமாறு ரஷ்ய அரசினர் கேட்டனர். அத்தகைய இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆங்கிலச் சட்டம் இடம் தராதாகையால், 1799இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இயந்திரங்கள் கடல் கடந்தன. பீட்டர்ஸ்பர்க் நகரின் கோட்டைக்குள் புதிய சாலை எழுந்தது. நெப்போலியன் மாஸ்கோவை நோக்கிப் படை நடத்திய 1812ஆம் ஆண்டில், அந்தச் சாலையில் அடிக்கப்பட்டதுதான் என் இரண்டு கோபெக். சோஹோ பட்டறையின் நேர்ச்சேயாகிய சென்னைக் காசும், அப்பட்டறையின் இயந்திரம் பயந்த ரஷ்யக் காசும், ஒன்றையொன்று அறியாமல் மயிலைப் பாத்திரக் கடையில் ஒரே குவியலில் கிடந்தன. எகத்தரீன்பர்க்கின் எழுத்து அதில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சாம்பலிட்டுத் தேய்த்து அழித்தது எதை என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

ரஷ்யாவின் செப்புக்காசுக் கதை நம்முடையதினும் கொடியது. சார் அலெக்சேய் என்னும் மன்னர் 1650களில் போலந்தோடு பொருதியபோது கருவூலத்தில் வெள்ளி குன்றிற்று. உடனே வெள்ளிக் கோபெக்கைப் போலவே சிறு செப்புக் கோபெக்குகளை அடித்து, இரண்டும் சரிமதிப்பு என்று ஆணையிட்டனர். படைவீரனுக்குச் சம்பளம் செம்பில். மக்களிடம் வரி மட்டும் வெள்ளியில்! சில ஆண்டுகளில் ஒரு வெள்ளிக் காசுக்குப் பத்துக்கு மேற்பட்ட செப்புக்காசுகள் கேட்கப்பட்டன. உழவர் தானியத்தைச் செம்புக்கு விற்க மறுத்தனர். 1662ஆம் ஆண்டுக் கோடையில் மாஸ்கோ மக்கள் திரண்டு, நகருக்கு வெளியே கொலோமென்ஸ்கோயே அரண்மனையில் இருந்த மன்னரிடமே முறையிடச் சென்றனர். படை ஏவப்பட்டது, பலர் மாண்டனர். மறு ஆண்டில் செப்புக்காசு கைவிடப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதனைச் செப்புக் கலகம் என்பர்.

அந்தக் காயத்தாலோ என்னவோ, பின்வந்தோர் செப்புக்காசுக்குள் போதிய செம்பு இருக்க வேண்டும் என்ற மறுகோடிக்கும் போயினர். முதலாம் காத்தரீன் காலத்தில், 1725 முதல் 1727 வரை, எகத்தரீன்பர்க்கில் செம்புத் தகடுகளையே நாணயமாக வெட்டினர். சதுரமான ஒரு ரூபிள் தகட்டின் எடை 1.6 கிலோ. ஒரு வராகனுக்கு ஈடான நம் சென்னைச் செம்பின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே என்பதை நினைவில் கொள்க. இரண்டாம் காத்தரீனின் ஐந்து கோபெக் ஒவ்வொன்றும் ஐம்பது கிராமுக்கு மேல். ஆயிரம் ரூபிளைச் செம்பில் கொடுப்பதானால் ஒரு டன் எடையாகும். அதை வண்டி கட்டி இழுக்க இயலாமையும் ஒரு காரணமாகவே 1769இல் அங்கே காகித நோட்டு பிறந்தது.

இந்தப் பெருங்காசுகளைப் புழங்கிப் பழகிய ரஷ்யர் ஒருவர் சென்னையிலும் வாழ்ந்திருக்கிறார். கெராசிம் லெபெதேவ் என்னும் இசைவாணர் 1785இல் இங்கு வந்து இரண்டாண்டு தங்கினார். தமிழும் சிறிது பயின்றார். பின்னர்க் கல்கத்தா சென்று வங்க நாடக மேடையின் வரலாற்றில் இடம்பெற்றார். அடையாற்றில் 1882இல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அமைத்த இருவருள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரும் ரஷ்யப் பேரரசில் பிறந்தவரே. இவர்களுள் ஒருவரோடு என் காசை இணைத்துவிட ஆசை எழுவது இயல்பு. எனக்கும் எழுந்தது. லெபெதேவ் இங்கிருந்து போனபின் கால் நூற்றாண்டு கழித்து அடித்த காசு இது. அவர் கொணர்ந்திருக்க முடியாது. அம்மையார் கொணர்ந்தார் என்பதற்கோ ஒரு சான்றும் இல்லை. கப்பலோட்டி ஒருவன் துறைமுகத்தில் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்பதன்மேல் வரலாற்றை எழுப்புவதற்கில்லை.

காசு எங்கே, எதனோடு கிடைத்தது என்பதை இழந்துவிட்டால் அது நாவறுந்த சாட்சியாகிவிடுகிறது. செம்புக்கு இந்த ஆபத்து பொன்னினும் மிகுதி. பொற்காசு கிடைத்தால் ஊரே திரளும். செப்புக்காசு கிடைத்தால் குடமாகும், குத்துவிளக்கின் அடியாகும். அப்படியும் தப்பியவற்றைக் கொண்டே நம் நாட்டு வரலாற்றில் சில ஏடுகள் எழுதப்பட்டன. சர் வால்ட்டர் எலியட் என்னும் சென்னை அதிகாரி தம் சேகரத்தைத் துணைக்கொண்டு, எண்பது வயதைக் கடந்து கண்பார்வை ஒழிந்த நிலையில், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய நூலை 1886இல் வெளியிட்டார். எட்கர் தர்ஸ்டன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து 1890இல் கம்பெனிக் காசுகளின் வரலாற்றை எழுதினார். திருச்சிராப்பள்ளித் தேசிகாச்சாரியார் 1933இல் எழுதினார். நம் காலத்தில் 2021இல் மறைந்த 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரையில் கிடைத்த ஒரு சதுரச் செப்புக்காசில் பழந்தமிழ் எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு அடித்தனர் என்பது அந்தச் சிறிய செம்பால் உறுதிப்பட்டது. அதை எவரேனும் புளியிட்டுத் துலக்கியிருந்தால்?

உங்களுள் யாருக்கேனும் கொல்லையிலோ வயலிலோ ஆற்றுமணலிலோ பழங்காசு அகப்படுமாயின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருப்பதை மறவாதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்டக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. கடையில் வாங்கினாலோ, விலையைக் கேட்குமுன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்கச் சென்றது ஒரு வாரம் கழித்து. கடைக்காரர் சிரித்தார். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சாக்கில் இருந்ததாக நினைவு என்றார். அந்தச் சாக்கில் வேறென்ன இருந்தது என்று கேட்டேன். அது உருக்கியாயிற்று என்றார்.

பாட்டனாரின் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒட்டிய தாளின் கீழ் அவர் தம் வழக்கப்படி கோடிட்டு, அகலம், எடை, விலை, வாங்கிய நாள் என ஒவ்வொன்றாக நிரப்பியிருக்கிறார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'கிடைத்த இடம்'. அதில் அவர் பென்சிலால் எழுதியிருப்பது, 'விசாரிக்க'.